காரைக்கால் = 1

புதுச்சேரியின் 4 மாவட்டங்களில் மக்கள்தொகை எங்கே குறைவு? காரைக்காலில்தான் என்று சொன்னது நான் போட்ட பை சார்ட். மாஹேயைவிடவும் குறைவாம்! காரைக்கால்மேட்டுக்காரன் நானே அதைப் போட்டு, ப்ரிண்ட்டும் எடுத்துவிட்டேன் :-)

விஷயம் இதுதான். கற்பனையாக 100 கோடி ரூபாயை மக்கள்தொகைப்படி 4 மாவட்டத்துக்கும் பிரிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி 9,50,289, காரைக்கால் 2,00,222, மாஹே 41,816, ஏனாம் 55,626. எக்செல்லில் அடித்து, சி.எஸ்.வி. ஃபைலாக மாற்றி, ஆர் மென்பொருளில் ஏற்றினேன். வந்த பதில்: புதுச்சேரிக்கு 40 கோடி, ஏனாமுக்கு 30, மாஹேக்கு 20, காரைக்காலுக்கு 10. கூட்டினால் சரியாக 100. சந்தேகமே வரவில்லை.

ப்ரிண்ட்டைப் பார்த்த வகுப்புத் தோழன் கேட்டான்: "ஏன்டா, மாஹே அவ்ளோ பெருசா?"

திக்கென்றது. மாஹே மொத்தமே 9 சதுர கிலோமீட்டர்தான்!

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். வில்லன், நடுவில் இருந்த காற்புள்ளி. எக்செல்லில் 2,00,222 என்று தெரிவது அப்படியே சி.எஸ்.வி.க்குப் போய்விடும். காற்புள்ளி இருந்தால் ஆருக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. நான் உட்கார்ந்த கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஆர். 2020-ல் வந்த 4.0.0-க்கு முந்தைய பதிப்புகள், எழுத்தாக வரும் பத்தியைத் தாமாகவே 'ஃபேக்டர்' ஆக்கிவிடும். அதாவது மதிப்புகளை அகராதி வரிசையில் அடுக்கி, 1, 2, 3, 4 என்று டோக்கன் கொடுத்துவிடும். முதல் எழுத்தைப் பாருங்கள்: 2, 4, 5, 9. காரைக்காலுக்கு 1, மாஹேக்கு 2, ஏனாமுக்கு 3, புதுச்சேரிக்கு 4. நான் "எண்ணாக மாற்று" என்றதும், ஆளை விட்டுவிட்டு டோக்கனைக் கொடுத்தது. ஒரு எச்சரிக்கை கூட இல்லை!

புதிய பதிப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். காற்புள்ளியோடு மாற்றச் சொன்னால் 'என்.ஏ.' என்று காலியாக வைத்து, எச்சரிக்கையும் தரும். கோபம் வரும்தான், ஆனால் ஏமாற மாட்டோம்.

தீர்வு ரொம்பச் சின்னது. ஃபேக்டராக இருந்தால் முதலில் எழுத்தாக்குங்கள். பிறகு ஜிசப் கட்டளையால் காற்புள்ளிகளை எடுங்கள். கடைசியாக எண்ணாக்குங்கள். முடித்ததும் கூட்டிப் பாருங்கள், புதுச்சேரி மொத்தம் 12,47,953 வர வேண்டும். எனக்கு அன்று வந்திருக்கக்கூடிய கூட்டுத்தொகை என்ன தெரியுமா? வெறும் 10. நான் சதவீதத்தைத்தான் கூட்டினேன், அது எப்போதும் 100 வரத்தானே செய்யும்!

காமர்ஸ் மாணவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இருப்பாய்வு டேலி ஆனாலும் கணக்கில் பிழை ஒளிந்திருக்கலாம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

திருத்திப் போட்டதில் காரைக்காலுக்கு 16 கோடி, மாஹேக்கு 3 கோடி சொச்சம். கற்பனைப் பணம்தான். ஆனாலும் ஒரு காற்புள்ளியால் எங்க ஊருக்கு 6 கோடி போச்சே என்று நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. நிஜமான பணத்தை இப்படி யாராவது பிரித்தால்?

உங்கள் ப்ராஜெக்ட்டையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள் மக்களே...