தரத்துக்கு ஒரு தவணை

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பழமையிலிருந்துதான் தொடங்குவார்கள். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் வெட்டப்பட்டது. எழுத்தமைதியைக் கொண்டு 7ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள்; ஒவ்வொன்றிலும் நான்கு நான்காகக் கட்டப்பட்ட சுரங்கள். முடிவில் ஒரு குறிப்பு வருகிறது: ருத்ராசாரியார் என்பவரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன், கற்பவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று. பொறியியல் நிறுவனங்களின் தர மேலாண்மை முறைக்கு வேர் எங்கே என்று தேடத் தொடங்கிய என்னை நிறுத்தியது இந்தக் குறிப்புதான். செய்யத் தெரிந்த ஒருவர், செய்யக் கற்கும் பிறருக்காக, எவரும் தம் விருப்பத்துக்கு மாற்றிவிட முடியாத இடத்தில், இன்னாரிடம் கற்றேன் என்ற பொறுப்போடு செயல்முறையை எழுதிவைக்கிறார். இன்றைய தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே மாட்டப்பட்டிருக்கும் செய்முறைத் தாளின் நோக்கமும் இதுவே.

ஆனால் அந்த நோக்கம் நிறைவேறியதா? கல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. எழுத்துகளை இன்றும் வாசிக்க முடிகிறது. எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பி. ஆர். பண்டார்கர் அதைப் பதிப்பித்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. வாசிக்க முடிந்ததை இசைக்கத்தான் முடியவில்லை. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு உயிர்களோடு மாறி மாறி வருகிறது. அந்த நான்கும் சுருதி வேறுபாடுகளா, அல்லது வீணை நரம்பை மீட்டும் விதங்களா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு சிறு குறிப்பும் இருக்கிறது. எந்த எட்டு, எந்த ஏழு என்பதிலும் விவாதம்தான். எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. அவர் காலத்து மாணவர் எல்லோருக்கும் தெரிந்திருந்ததை எழுத வேண்டியதில்லை என்று விட்டிருப்பார். அந்த மாணவர்களின் மாணவர்கள் நின்றுபோனதும், விடப்பட்டதெல்லாம் ஓட்டையாகிவிட்டது. ஆவணம் முழுமையாக இருக்கிறது. அது காக்க வேண்டிய செயல்தான் போய்விட்டது. தர மேலாண்மையின் மையச் சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கண்ணோடுதான் நவீன வரலாற்றைப் பின்னோக்கித் தேடினேன். எல்லோரும் காட்டும் வழி ஒன்று உண்டு. 1987இல் ஐஎஸ்ஓ 9000 வரிசை வெளிவந்தது. அதில் ஐஎஸ்ஓ 9001 இருபது பிரிவுகள் கொண்டது. அதற்கு முன்னோடி 1979இல் வந்த பிரிட்டனின் பிஎஸ் 5750. அதற்கும் முன்பு அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காக 1959இல் எழுதப்பட்ட மில்-க்யூ-9858. இந்த வம்சாவளி உண்மைதான். ஆனால் இது வாங்குகிறவனின் அவநம்பிக்கையில் பிறந்த வம்சம். ஒவ்வொரு பொருளையும் நானே சோதித்துக்கொண்டிருக்க முடியாது, ஆகவே நீ வேலை செய்யும் ஒழுங்கை எழுதிக் காட்டு என்பது அதன் கோரிக்கை. எழுதிக் காட்டுவது அங்கே முதன்மையாகிவிட்டதால், எழுத்து தீர்ந்த இடத்தில் வேலையும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கும் பழக்கம் அந்த வழியிலேயே நமக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு வழி நீராவியிலிருந்து வருகிறது. 1863இல் கல்கத்தாவில் பாய்லர் ஒன்று வெடித்து உயிர்கள் போயின. மறு ஆண்டே வங்காளத்தில் இந்தியாவின் முதல் பாய்லர் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு ஒரு சட்டமாக வளர்ந்த குழப்பத்தை 1923ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டம் ஒன்றாக்கியது. அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்த விதி, பாய்லரை இயக்கத் தரும் சான்றிதழ் 12 மாதத்துக்கு மேல் செல்லாது என்பது. எவ்வளவு நல்ல பாய்லராக இருந்தாலும், எவ்வளவு பெரிய கம்பெனி செய்ததாக இருந்தாலும், தவணை முடிந்ததும் அது மீண்டும் ஆய்வுக்கு நிற்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1905இல் பிராக்டன் நகரின் செருப்புத் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்த பிறகு, 1914இல் ஏஎஸ்எம்இ பாய்லர் விதித்தொகுப்பு உருவானது. அதன் ஒன்பதாம் பிரிவு வெல்டருக்கு இன்று விதிக்கும் நிபந்தனை, நான் பார்த்த தர விதிகளிலேயே கூர்மையானது. ஒரு வெல்டிங் முறையில் தேர்ச்சி பெற்றவர் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அவருடைய தகுதி காலாவதியாகிவிடும். மறுபடி ஒரு சோதனைத் துண்டை வெல்டிங் செய்து, அது தேறிய பிறகுதான் வேலைக்குத் திரும்பலாம். செய்முறையை எழுதிவைத்த தாளுக்கு அந்த ஆறு மாதக் கெடு இல்லை, கைக்குத்தான் இருக்கிறது. எழுதியது அழியாது, பழகியது மங்கும் என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி இது.

குடுமியான்மலைக்கு வடக்கே, திருச்சி திருவெறும்பூரில் 1960களில் எழுந்த பெல் பாய்லர் ஆலையும், அதைச் சார்ந்து துவாக்குடியில் பெருகிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இந்த விதியின் கீழ்தான் வேலை செய்து வந்திருக்கின்றன. 1975இல் திருச்சியிலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தை பெல் அமைத்தது. தர மேலாண்மை என்ற சொல் நம் ஊர்களில் புழக்கத்துக்கு வருமுன்பே அதன் சாரம் இங்கே வெல்டர் தேர்வு, எக்ஸ்ரே ஃபிலிம், ஹைட்ரோ டெஸ்ட் என்ற பெயர்களில் இருந்தது. பொறியியல் தரத்தின் உண்மையான மூலம் கையேட்டில் இல்லை, காலாவதியாகும் சான்றில் இருக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்தது இதனால்தான்.

இசையையும் இரும்பையும் ஒன்றாக வைப்பது பொருந்துமா என்று கேட்கலாம். இசை மாறிக்கொண்டே வளர்வது. கல்வெட்டில் உள்ள கிராம ராகங்கள் மறைந்ததால்தான் பின்னால் வந்த முறைகளுக்கு இடம் கிடைத்தது. வெல்டிங் இணைப்பு அப்படி மாறினால் ஆள் சாவான். வேறுபாடு உண்மை, ஆனால் அது என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறது. மாறினாலும் பரவாயில்லை என்ற கலையிலேயே, ஆசிரியர்-மாணவர் தொடர் அறுந்ததும், கல்லில் வெட்டிய எழுத்து போதாமல் போனது. மாறவே கூடாத தொழிலில், அலமாரியில் இருக்கும் கையேட்டை நம்பி எப்படி இருப்பது? இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு: எழுத்து தேவையில்லை, நல்ல ஆள் போதும் என்கிறாயா? இல்லை. குடுமியான்மலையில் எவரும் எழுதாமல் விட்டிருந்தால், ஏழு ராகங்களில் சுரங்கள் இப்படிக் கோக்கப்பட்டன என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது. திறமையான ஃபோர்மேன் ஓய்வு பெறும் நாளில் அவரோடு வேலையும் வாசலைத் தாண்டிப் போய்விடும் பட்டறைகள் எத்தனையோ. எழுத்து வேண்டும். அதைப் படித்து, செய்து பார்த்து, பொருந்தாததைத் திருத்தும் பொறுப்பு ஒருவரிடம் தேதியோடு இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் இல்லாத எழுத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

கல்வெட்டு இருக்கும் அதே ஊரில் அண்ணா பண்ணை என்ற அரசுப் பண்ணையும் ஒரு வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. விதை உலகத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புதிதாகவே இராது. வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று தலைமுறை தலைமுறையாகப் பெருக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் வயலில் இறங்கிக் கலவன்களை நீக்க வேண்டும். சான்று நெல் விதைக்குக் குறைந்தது 98 சதவீதப் புறத்தூய்மையும் 80 சதவீத முளைப்புத் திறனும் வேண்டும். நீல அட்டை கட்டிய மூட்டைக்கும் ஒன்பது மாதம்தான் தவணை. அதன் பிறகு மறுபடி முளைக்க வைத்துப் பார்க்காமல் சான்று நீட்டிக்கப்படாது. ஆய்வுக்கூடத் தாளில் முன்பு எழுதிய சதவீதத்தை எவரும் நம்புவதில்லை. விதை தூங்கிக்கொண்டே சாகக்கூடியது என்பது உழவருக்குத் தெரியும். தொழிற்சாலையின் செய்முறையும் அப்படிச் சாகக்கூடியது என்பதை ஏற்கத்தான் நம் மேலாளர்களுக்குத் தயக்கம்.

இப்போது கடினமான மறுப்புக்கு வருகிறேன். தவணை வைத்தால் மட்டும் போதுமா? ஐஎஸ்ஓ 9001 சான்றுக்கும் மூன்று ஆண்டுத் தவணை உண்டு, ஆண்டுதோறும் கண்காணிப்பு ஆடிட்டும் உண்டு. அப்படியும், ஆடிட்டர் வருவதற்கு முந்தின இரவில் பதிவேடுகளை ஒரே பேனாவில் நிரப்பும் வழக்கம் தொழிலில் இருப்போர் யாரும் அறியாததல்ல. இந்த மறுப்பு பாதி சரி. தவணை முடியும்போது மறுபடி எதைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெல்டர் வெல்டிங் செய்து காட்ட வேண்டும், விதை முளைத்துக் காட்ட வேண்டும், பாய்லர் அழுத்தத்தைத் தாங்கிக் காட்ட வேண்டும். பல தணிக்கைகளோ செயலுக்குப் பதில் செயலின் பதிவைக் கேட்கின்றன. பதிவை எழுதிவிடலாம், ஆறு மாதம் டார்ச் பிடிக்காத கை எக்ஸ்ரே ஃபிலிமில் பொய் சொல்ல முடியாது.

புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டின் முன்னோடி வால்டர் ஷூஹார்ட் 1924 மே மாதத்தில் எழுதிய ஒரு சிறு குறிப்பு இங்கே முக்கியமாகிறது. அதில் அவர் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம், ஒவ்வொரு நாளும் புதிய புள்ளி வைக்கப்படாவிட்டால் எதையும் சொல்லாத ஆவணம். நேற்றைய புள்ளிகளை வைத்து இன்றைய உற்பத்திக்கு உறுதி தர அதற்குத் தெரியாது. இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் புள்ளியியலாளர் மஹலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட் இந்தியாவுக்கே வந்தார். ஷூஹார்ட்டின் வழியில் வந்த டெமிங் 1950இல் ஜப்பானில் பாடம் நடத்தினார். மறு ஆண்டு அவர் பெயரில் பரிசு ஏற்பட்டது. அந்த மரபு சுற்றிவந்து சென்னைப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு 1998இல் டெமிங் பரிசாகக் கிடைத்தது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. சுந்தரம் கிளேட்டன் சார்ந்த அதே டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990இலேயே இந்தியாவில் முதலாவதாக ஐஎஸ்ஓ 9000 சான்று பெற்றிருந்தது. சான்றைப் பெற்ற குழுமம் அதோடு நிற்காமல், தரத்தை மெஷின் முன் நிற்பவரின் அன்றாட வேலையாக்கும் மரபைத் தேடிப் போனதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. 2002இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பான் தரப் பதக்கமும் பெற்றது. பரிசு வாங்கியவர்கள் மறுபடி தேர்வுக்கு நின்றார்கள் என்பதே அதில் நான் காணும் செய்தி.

பெரிய குழுமத்துக்கு இது முடியும், இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு எப்படி முடியும் என்பார்கள். டெண்டருக்காகச் சான்று வாங்கி மாட்டிவைக்கும் சிறு முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாங்குகிறவன் கேட்பது அந்தச் சட்டகத்தைத்தான். ஆனால் சிறிய பட்டறைக்குச் சுமை காகிதம்தான். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஐஎஸ்ஓ 9001 எழுத்தில் கட்டாயமாக்கிய நடைமுறைகள் ஆறாகக் குறைந்தன. 2015இல் தரக் கையேடே கட்டாயமில்லை என்றாகிவிட்டது. அப்படியும் பழைய தடித்த கையேடுகளை நகலெடுத்து விற்கும் ஆலோசகர்களும் அவற்றை எதிர்பார்க்கும் கொள்முதல் பிரிவுகளும் குறையவில்லை. துவாக்குடி அளவிலான ஒரு பட்டறைக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். எந்த வெல்டர் எந்த முறையில் கடைசியாக எப்போது வேலை செய்தார் என்ற ஒரு பக்கப் பட்டியல். எந்த கேஜ் எப்போது காலிபரேஷனுக்குப் போக வேண்டும் என்ற தேதி, அந்த கேஜின் மேலேயே ஒட்டப்பட்டதாக. ஒவ்வொரு செய்முறைத் தாளையும் ஆண்டுக்கு ஒருமுறை, அந்த வேலை தெரியாத ஒரு புதிய பையனிடம் கொடுத்து, அதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்வது. அவன் தடுமாறும் வரிகளில்தான், எல்லோருக்கும் தெரியும் என்று விடப்பட்டவை இருக்கும். வாங்கும் பெரிய கம்பெனிகள் கையேட்டின் பக்கங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு அந்தப் பட்டியலைக் கேட்டு, அதில் உள்ள ஒரு பெயரைக் கூப்பிட்டு ஒரு துண்டு வெல்டிங் செய்யச் சொன்னால், ஒரு முற்பகலுக்குள் பட்டறையின் தரம் தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு சோதனைத் துண்டும் ஒரு ஃபிலிமும்.