பின்னாடி யார் வர்றாங்க? - கிளியனூர் டிராக்டருக்குக் கண்ணாடி வந்த கதை

டிராக்டர் ஓட்டுபவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கை ஸ்டீயரிங்கில் இருக்கும், இன்னொரு கை மட்கார்டில் இருக்கும். பாதி நேரம் முன்னால் பார்ப்பார்கள், மீதி நேரம் பின்னால். வயலில் உழும்போது கலப்பை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். ரோட்டில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இருபது வருடம் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்து, ஒருநாள் 'இனிமேல் முடியாது' என்று சொல்லிவிட்டால்?

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூரில் ஒரு டிராக்டர்காரருக்கு அதுதான் நடந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. சொந்தமாக ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர். சீசனில் மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போவார் (வேர்க்கடலைக்கு விழுப்புரம் பக்கத்துப் பெயர் மல்லாட்டை). மற்ற நாட்களில் நெல், சவுக்கு, எரு, செங்கல் என்று யார் கூப்பிட்டாலும் போவார். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர், மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "வண்டி ஓட்டலாம், ஆனா கழுத்தைத் திருப்பாம ஓட்டுங்க" என்றார்.

"திருப்பாம எப்படிங்க டிராக்டர் ஓட்டறது?" என்று அவர் மனைவி கேட்டார். அதற்கு டாக்டரிடம் பதில் இல்லை.

டிராக்டரில் கண்ணாடியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சட்டப்படி இருக்க வேண்டும். வாங்கும்போது இருக்கவும் செய்தது. ஆனால் டிராக்டர் ரோட்டைவிட வயலில்தான் அதிகம் ஓடுகிறது. முதல் வருடமே வேலி ஓரத்துக் கருவேலங்கிளை ஒரு கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. மற்றொன்று கொட்டகைத் தூணில் இடித்து உடைந்தது. உழவுக்குக் கண்ணாடி தேவைப்படாததால் யாரும் புதிதாக மாட்டவில்லை. ஊரில் இருக்கும் டிராக்டர்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கதை அவருடையது மட்டும் இல்லை என்று தெரியும்.

இத்தனை நாள் கண்ணாடி இல்லாத குறை தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணம், டிரெய்லர் மேல் உட்கார்ந்து வந்த ஒரு பையன். ரிவர்ஸ் எடுக்கும்போது "வரலாம்... வரலாம்... நில்லுண்ணே" என்பான். ரோட்டில் திரும்பும்போது கையைக் காட்டிப் பின்னால் வருபவர்களை நிறுத்துவான். அவன்தான் அந்த வண்டியின் கண்ணாடி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். மாதச் சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு என்று வாழ்க்கை மாறியவனை யார் குறை சொல்ல முடியும்?

ரோடும் பழைய ரோடு இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கும். இன்று நான்கு வழிச் சாலை. சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு வார விடுமுறைக்குப் போகும் கார்கள் பறக்கின்றன. வானூர் வட்டாரத்துக் கல் குவாரிகளிலிருந்து டிப்பர் லாரிகள் வருகின்றன. பௌர்ணமி என்றால் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு பைக்கில் போகும் கூட்டம் வேறு. இவர்களுக்கு நடுவே டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பின்னால் ஒரு பைக் 60-ல் வருகிறது என்று வையுங்கள். வேக வித்தியாசம் 40 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 11 மீட்டர். டிரெய்லருக்கு 20 மீட்டர் பின்னால் இருக்கும் பைக் இரண்டு நொடிக்குள் பக்கத்தில் வந்துவிடும். வலியோடு கழுத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அது கடந்தே போயிருக்கும்.

ஒருநாள் இருட்டும் நேரம். சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு வந்தவர், இடது பக்கம் ஊர்ச் சாலைக்குத் திரும்பினார். கழுத்தைப் பாதிதான் திருப்ப முடிந்தது. அந்தப் பாதியில் எதுவும் தெரியவில்லை. டிராக்டர் திரும்பினால் டிரெய்லர் அதே தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில், டிரெய்லருக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் நடுவில், ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி இருந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். முன்னால் பூக்கூடை, பின்னால் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண். டீக்கடையில் நின்றவர்கள் போட்ட கூச்சலில் டிராக்டர் நின்றது. சவுக்குக் கட்டையின் முனைக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. கூடை கவிழ்ந்து பூ சிதறியதோடு போனது.

"பாத்து வரக் கூடாதாண்ணே?" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவரை அன்று இரவு தூங்கவிடவில்லை என்று மனைவி சொல்கிறார். வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சும் அன்று வீட்டில் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகளின் ஃபீஸ், டிரெய்லருக்காக வாங்கிய கடனின் பாக்கி எல்லாம் அந்த வண்டியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் கண்ணாடி தேடும் படலம் ஆரம்பித்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதலில் கிடைத்தது, உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி. மட்கார்டில் மாட்டிப் பார்த்தார். டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடு பளபளவென்று தெரிந்தது. அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது, பழைய இரும்புக் கடையில் கிடைத்த லாரிக் கண்ணாடி. பெரியதுதான், ஆனால் அதே மட்கார்டில் மாட்டினால் அதே தகடு பெரியதாகத் தெரிந்தது. "கண்ணாடி சரியில்லப்பா" என்றார். சரியில்லாதது கண்ணாடி இல்லை, அது இருக்கும் இடம் என்று கண்டுபிடித்தது மகள்தான்.

அவள் செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். டிராக்டரையும் டிரெய்லரையும் நெல் அடிக்கும் களத்தில் நேராக நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். டிரெய்லருக்குப் பின்னால் எந்த இடம் தெரிய வேண்டுமோ அங்கே போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். கயிறு டிரெய்லரில் உரசியது. கயிறு உரசினால் பார்வையும் அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியாக இருந்தாலும் தகட்டைத் துளைத்துக்கொண்டு பார்க்காது.

"இன்னா பாப்பா, கயிறு கட்டி மாடு மேய்க்கிறியா?" என்று கிண்டலடித்த வெல்டிங் பட்டறைக்காரர்தான், கடைசியில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.

அளந்து பார்த்தால் கணக்கு எளிது. டிராக்டர் மட்கார்டுக்கு மட்கார்டு ஆறடி. டிரெய்லர் ஏழடி. சவுக்கு ஏற்றினால் பக்கத்துக்கு அரையடி பிதுங்கி எட்டடி ஆகிவிடும். அப்படியானால் கண்ணாடி மட்கார்டிலிருந்து ஓரடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டிராக்டரை அளந்து கண்ணாடி வாங்கினால் வீண்தான். அளக்க வேண்டியது டிரெய்லரை, அதுவும் லோடு ஏற்றிய டிரெய்லரை.

இவ்வளவு நீட்டினால் போலீஸ் பிடிக்காதா என்ற பயம் அவருக்கு இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) வாகனத்தின் அகலத்துக்குப் பொதுவாக 2.6 மீட்டர், அதாவது சுமார் எட்டரை அடி, என்று எல்லை வைத்திருக்கின்றன. அந்த அகலத்தை அளக்கும்போது பின்பக்கக் கண்ணாடியைச் சேர்க்கக் கூடாது என்று அதே விதியிலேயே விளக்கம் இருக்கிறது. கண்ணாடி நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

சரி, பின்னால் எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? இதற்கு மகள் எடுத்துக்கொண்ட அளவு இங்கிலாந்திலிருந்து வந்தது. கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக நிற்கும் ஏ.சி. வேன்தான் நினைவுக்கு வரும். அங்கே கேரவன் என்பது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. லீவுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் அதற்கென்று தனியாக நீளக் கண்ணாடி மாட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசன்ஸில் 3 கரும்புள்ளி. டிரைவருக்கு 20 மீட்டர் பின்னால், கேரவனின் பக்கவாட்டிலிருந்து 4 மீட்டர் அகலத்துக்கு ரோடு தெரிய வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் அளவு. ஊட்டிக்குப் போகும் வெள்ளைக்கார வீட்டுக்கும் கிளியனூர் சவுக்குக் கட்டைக்கும் இழுவை ஒன்றுதானே! களத்தில் சுண்ணாம்பால் 66 அடியும் 13 அடியும் கோடு போட்டார்கள். அந்தக் கட்டத்துக்குள் ஒரு மொபெட்டை இங்கும் அங்கும் நகர்த்தி நிறுத்தி, "தெரியுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாத இடத்தில் எல்லாம் ஒரு செங்கல்லை வைத்தாள். முதல் தடவை ஒன்பது செங்கல்.

நீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நீளக் கம்பியின் முனையில் இருக்கும் கண்ணாடி, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் கொசு றெக்கை மாதிரி அடித்துக்கொள்ளும். பின்னால் வருவது லாரியா ஆட்டுமந்தையா என்று தெரியாது. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம். பட்டறைக்காரர் ஒற்றைக் கம்பியை விட்டுவிட்டு முக்கோணமாகக் கட்டினார். ஒரு பைப் கால் வைக்கும் பலகையிலிருந்து மேலே வருகிறது, இன்னொன்று மட்கார்டிலிருந்து வந்து அதைத் தாங்குகிறது. போல்ட் போடும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷராக வைத்தார். ஆட்டம் முழுசாக நிற்கவில்லை, ஆனால் பைக்கின் ஹெட்லைட் ஒரே லைட்டாகத் தெரிகிறது. கிளை இடித்தால் உடையாமல் மடங்குவதற்கு நடுவில் ஒரு கீலும் உண்டு. உழவுக்குப் போகும்போது உள்ளே மடக்கிவிடலாம்.

இதில் கழுத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிராக்டரில் மட்கார்டு டிரைவரின் தோளுக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே கண்ணாடி மாட்டினால் அதைப் பார்க்கவே கழுத்தைத் திருப்ப வேண்டும். அதனால்தான் கண்ணாடியை முன்னால் தள்ளி, கண்ணை மட்டும் அசைத்தால் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தள்ளிப் போகப் போகக் கண்ணாடியில் தெரியும் பரப்பு குறையும். அந்த இடத்தில் உள்ளங்கைக் கண்ணாடி எடுபடாது. லாரிக் கண்ணாடிக்கு மறுபடியும் வேலை வந்தது.

கண்ணாடி எந்த வகை என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. பள்ளியில் படித்த சமதள ஆடி, குவி ஆடி பாடம்தான். வெளிப்பக்கம் புடைத்த குவி ஆடியில் நிறைய இடம் தெரியும், ஆனால் எல்லாம் சின்னதாக, தூரத்தில் இருப்பது போலத் தெரியும். 'கண்ணாடியில் தெரிவதைவிட வாகனங்கள் அருகில் இருக்கின்றன' என்று கார்களில் எழுதியிருப்பது இதற்காகத்தான். சமதளக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி காட்டும், ஆனால் குறுகலாகக் காட்டும். "எனக்கு வண்டி எவ்ளோ தூரத்துல வருதுன்னு தெரியணும்மா" என்பது அப்பா கட்சி. "பக்கத்துல இருக்கறதே தெரியலன்னா தூரத்தை வச்சு என்னப்பா பண்றது?" என்பது மகள் கட்சி. சமாதானமாக, பெரிய சமதளக் கண்ணாடியின் கீழ் மூலையில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய குவிக் கண்ணாடி ஒன்றை ஒட்டினார்கள். பெரியதில் ரோடு தெரிகிறது, சின்னதில் டிரெய்லர் சக்கரத்தின் ஓரம் தெரிகிறது. பூக்கூடை வண்டி நின்றிருந்தது அந்த ஓரத்தில்தான்.

இடது பக்கத்துக்கும் அதே போல ஒன்று செய்யச் சொன்னது மனைவி. வலது பக்கம் மட்டும் போதும் என்று நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. நம் ஊரில் இடது பக்கமாகப் புகுந்து போகும் டூவீலர்களுக்கா பஞ்சம்? செலவு மொத்தமும் ஒரு நாள் டிரெய்லர் வாடகைக்குள் முடிந்துவிட்டது.

இப்போது செங்கல் இரண்டாகக் குறைந்திருக்கிறது. இரண்டும் டிரெய்லருக்கு நேர் பின்னால். அந்த இடத்தை எந்தப் பக்கக் கண்ணாடியும் காட்டாது. ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னமும் யாராவது இறங்கி நின்று குரல் கொடுத்தே ஆக வேண்டும், அது மனைவியின் வேலையாகிவிட்டது. டிரெய்லரின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். இவர் மற்றவர்களைப் பார்க்கக் கண்ணாடி என்றால், இருட்டில் மற்றவர்கள் இவரைப் பார்க்க ஸ்டிக்கர். சாயங்காலம் பாண்டிச்சேரி பக்கம் போகும்போது மேற்கு வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைப்பதுதான் இப்போதைக்குப் பெரிய தொந்தரவு. அந்த நேரத்தில் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்துக்கொள்கிறார்.

பட்டறைக்கு இப்போது ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து, "அண்ணனுக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு குடு" என்று கேட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர் அவர்களை மகளிடம் அனுப்பிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க டிரெய்லர் எத்தனை அடி மாமா? லோடு ஏத்தி அளந்தீங்களா?"