மராக்கேஷில் ஒரு மாலை

விடுமுறையில் மொறொக்கோவுக்குப் பிரயாணஞ் செய்த எம் மாணவர் குழு, மராக்கேஷ் நகரில் மூன்று நாட்கள் தங்கிற்று. ஒழுங்கைகள் தோறும் தோற்பொருட்களுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் விலைபேசியே இரு நாட்கள் கழிந்தன! 77 மீற்றர் உயர்ந்து நிற்கும் குதுபிய்யாப் பள்ளிவாசற் கோபுரம், 12 ஆம் நூற்றாண்டிலே எழுந்தது. வெட்டவெளிக்கு வந்ததும் எமக்குத் திசை காட்டியது அதுவே.

ஆயினும் எம்மைப் பிணித்தது ஜமா எல் ஃப்னா என்னும் பெருமுற்றமே. பகலில் அங்கே தோடம்பழச் சாறு விற்போரும், செவ்வுடையணிந்த தண்ணீர்க்காரரும் திரிவர். பொழுது சாய்ந்ததும் அடுப்புகள் மூளும், மேளங்கள் அதிரும், 'ஹல்கா' எனப்படும் வட்டங்களாகச் சனங் கூடும். ஒரு வட்டத்தின் நடுவே முதிய கதைசொல்லி ஒருவர் நின்றார். அவரது கைத்தடி உயர்ந்தபோது கூட்டம் மூச்சடக்கிற்று; அரபு அறியாத நாமும் அடக்கினோம். கதையின் உச்சத்தில் நிறுத்திக் காசு சேர்த்த பின்னரே தொடர்ந்தார். கெட்டிக்காரர்!

2001 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்முற்றத்தின் பண்பாட்டை மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றெனப் பிரகடனஞ் செய்தது. பிரகடனம் கேட்போரைக் கொணருமோ? கதைசொல்லிகள் அருகி வருகின்றனர். அவ்வட்டத்திலும் எம் வயதினர் மூவரே இருந்தனர். அவருள் ஒருவன் கதையை ஆங்கிலத்தில் எமக்கு மெல்ல உரைத்தான். இளவரசி கிணற்றினுள் இறங்கிய கட்டத்தில், "மிகுதி நாளைக்கு" என்று கிழவர் எழுந்துவிட்டார். காசாபிளாங்காவுக்குச் செல்லும் எமது புகையிரதமோ காலையில்.