இந்தப் பெருநாளுக்கு நானும் வருகிறேன்

 

உங்கள் இல்லத்தில் நாட்பட்ட வலியோடு வாழ்பவர் எவரேனும் உண்டா? பெருநாளுக்கு மறுநாள் குடும்பமே கூடி வெளியில் கிளம்பும்போது அவரை என்ன செய்கிறீர்கள்? பதினோரு ஆண்டுகளாக இடுப்பு வலி என்னோடு குடித்தனம் நடத்தி வருவதால் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே எண்ணுகிறேன்.

2023-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் வீட்டார் அனைவரும் சிறுமலைக்குப் புறப்பட்டார்கள். திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்குச் சிறுமலை புதிதன்று; மொட்டை மாடியில் ஏறினாலே கண்ணுக்குத் தெரியும் மலை. ஆனால் மேலே போய்ச் சேர 18 கொண்டை ஊசி வளைவுகள். "வளைவுல வண்டி ஒடிச்சுத் திருப்பினா உங்களுக்கு ஆகாதும்மா, நீங்க இருந்துக்கங்க" என்றாள் மகள். "ஆமாம்மா, நீங்கள் போய் வாருங்கள்" என்று நானும் சொன்னேன். நெய்ச்சோற்றையும் தால்ச்சாவையும் தூக்குச் சட்டிகளில் அடைத்துக் கொடுத்து, வாசலில் நின்று வழியனுப்பி, கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது. அந்த அழுகைக்குக் காரணம் வலி அன்று. இரண்டாம் முறை யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதுதான். முதல் முறை மறுத்தவள் நானே! ஆயினும் மனம் அந்த இரண்டாவது அழைப்பை எதிர்பார்த்து நின்றது.

மாலையில் மலை வாழைப்பழம் வாங்கி வந்தார்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம், மணக்க மணக்க இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

என் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழாசிரியையாக இருபத்தாறு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றேன். இரவில் தரையில் குனிந்தமர்ந்து விடைத்தாள் திருத்தினேன். முதுகெலும்பின் கீழ்த் தட்டு பிதுங்கி, இடக்காலுக்கு மின்னல் போல் வலி இறங்கியது. காட்டிய இடங்களில் ஒன்றில் மூன்று மாதம் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்றார்கள். இடுப்புக்கு அகன்ற பட்டையும் கட்டினார்கள். மூன்று மாதம் கழித்து எழுந்தபோது கால்கள் என் கால்களாக இல்லை. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பின்னர் வந்த இயன்முறை மருத்துவர்தான் விளங்கச் சொன்னார். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் தனியாக வகைப்படுத்துகிறது. காயம் பட்ட அளவுக்கே வலி இருக்கும் என்ற பழைய எண்ணம் 1965-ஆம் ஆண்டிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு போன்ற அமைப்பு உண்டு, அது திறப்பதையும் மூடுவதையும் பொறுத்து வலி கூடும், குறையும் என்று மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் அவ்வாண்டில் எழுதினார்கள். நாள் செல்லச் செல்ல நரம்புகள் சிறு தூண்டலுக்கும் பெரிதாகக் கூச்சலிடப் பழகிவிடுவதும் உண்டாம். நம் ஊரில் மணிப்பூட்டு என்று ஒன்று செய்வார்கள். சாவி திரும்பும்போது உள்ளே மணி ஒலிக்கும். சாவியே போடாமல், காற்று பட்டாலும் அந்த மணி அடிக்கத் தொடங்கினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் என் இடுப்பு இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். மணி அடிப்பதனாலேயே வீட்டுக்குள் கள்வன் புகுந்துவிட்டதாகப் பொருளாகாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கால் திடீரென்று வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, அந்தரங்கப் பகுதியில் மரத்துப் போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ அது வேறு மணி. அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

நடக்கச் சொன்னார். எவ்வளவு தூரம் என்றேன். "வலி சொல்லும் முன் திரும்பிவிடுகிற தூரம்" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. எங்கள் தெருவில் மின்கம்பங்களை எண்ணத் தொடங்கினேன். சுபுஹுத் தொழுகை முடித்து, தெருவில் வண்டிகள் வருமுன் நான்கு கம்பங்கள் போய் நான்கு கம்பங்கள் திரும்புவேன். ஒரு வாரம் சென்றபின் ஐந்து. பத்தை எட்ட இரண்டு மாதம் ஆயிற்று. பால் வாங்கப் போகும் பெண்கள், "டீச்சர் என்னத்தையோ தொலைச்சிட்டுத் தேடுறாங்க" என்று பேசிக்கொண்டார்களாம். தவறில்லை, தேடத்தான் செய்தேன்.

ஒரு நாள் விழித்தெழும்போதே உடல் இலேசாக இருந்தது. வலியே இல்லை! அந்த மகிழ்ச்சியில் அறிவிழந்து, யாரிடமும் சொல்லாமல் மலைக்கோட்டையைச் சுற்றி வரப் புறப்பட்டுவிட்டேன். பாறையின் அடிவாரத்தைச் சுற்றி இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும். வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன். மறுநாளிலிருந்து நான்கு நாள் படுக்கை. என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். வெந்நீர்ப் பையை நீட்டிக்கொண்டே, "நல்ல நாளில் கடன் வாங்கினால் கெட்ட நாளில் வட்டி கட்டணும்" என்று மட்டும் சொன்னார். நாட்பட்ட வலியுடையோர் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே என்று பிறகு அறிந்தேன். நன்றாக உள்ள நாளில் மிகையாகச் செய்வதும், அதனால் விழுந்தபின் ஒன்றுமே செய்யாதிருப்பதுமாக மாறி மாறி ஆடுகிறோம். இப்போது நான் நல்ல நாளிலும் பன்னிரண்டு கம்பம்தான். சுமாரான நாளிலும் பன்னிரண்டுதான். மிகக் கெட்ட நாளில் மூன்று கம்பமாவது நடப்பேன்.

நடையின் பயனைப் பற்றி ஆதாரமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியையும், நோயாளிக்குத் தன் நோயைப் பற்றிய கல்வியையும் பரிந்துரைத்தது. நான் கட்டியிருந்தேனே, அந்த இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகத் தரவேண்டாம் என்றது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து மீண்டவர்களுள் முறையாக நடந்தோர்க்கு வலி திரும்பி வர இடைநிலையாக 208 நாள் ஆயிற்று. நடைப் பயிற்சி தரப்படாதோர்க்கு 112 நாள். அவர்கள் வலி நீங்கப் பெற்றவர்கள், நான் நீங்கப் பெறாதவள். ஆகவே அந்தக் கணக்கை அப்படியே எனக்குச் சொந்தமாக்கிக்கொள்ள மாட்டேன். நடந்தேன், வலி போயிற்று என்று நான் எழுதினால் அது பொய். வலி இருக்கிறது. நான் வெளியில் போகிறேன். அதுவும் கூடவே வருகிறது.

வெளியில் போவது என்று எளிதாக எழுதிவிட்டேன். அதற்கு வீட்டில் நடந்த போராட்டத்தைச் சொல்ல வேண்டாமா? 2025 ஜனவரியில் பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்குப் போவதென்று பேச்சு எழுந்தது. நான் சமையலறையிலிருந்தே, "இந்த முறை நானும் வருகிறேன்" என்றேன். கூடம் சட்டென்று அமைதியாயிற்று.

"வழியில உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா என்னம்மா செய்யிறது?" என்றாள் மகள்.

"வண்டியில் படுத்துக்கொள்கிறேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என்னால் உங்கள் பயணம் பாதியில் நிற்காது."

"ஆனா எங்களுக்கு மனசு கேக்காதேம்மா..."

"என்னை வீட்டில் விட்டுச் சென்றபோது கேட்டதா?"

சொன்ன பிறகு வருந்தினேன். மகள் கண்கலங்கிவிட்டாள். என்மீது அக்கறை இல்லாதவள் அல்லள் அவள். அந்த அக்கறையே என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது. அன்றிரவு அவள் என் காலருகே வந்தமர்ந்து, "என்னென்ன எடுத்துக்கணும், சொல்லுங்க" என்றாள்.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். மூலநோயால் அவதியுற்ற நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று பெருமானார் (ஸல்) வழிகாட்டினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. முதன்முதலாக நாற்காலியில் அமர்ந்து தொழுத நாளில் எனக்கிருந்த கூச்சத்தைத் தீர்த்ததும் இதுவே. கடமையான தொழுகைக்கே இயன்ற அளவு என்று படி இறக்கித் தரப்பட்டிருக்க, ஒரு நாள் உலாவுக்கு மட்டும் 'முழுதாய் முடிந்தால் வா, இல்லையேல் வீட்டில் இரு' என்று நாம் ஏன் சட்டம் வகுத்தோம்?

ஆத்தூருக்குப் போனோம். வேனில் பின்சக்கரத்தின் மேலுள்ள இருக்கைதான் அதிகம் தூக்கிப் போடும். ஆகவே எனக்கு நடு இருக்கை. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. வேகத்தடை வருமுன் மெதுவாக ஓட்டும்படி ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லி வைத்தோம். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நின்றேன். செம்பட்டியில் நிறுத்தியபோது தேநீர் குடிக்க அனைவருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

பெண்கள் வெளியில் சொல்லத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வெளியூர்ப் பயணத்தில் என்னைப் போன்றோரை அச்சுறுத்துவது நடை அன்று, கழிப்பறை. குந்தி உட்கார முடியாதவளுக்கு வழியில் எங்கே இடம்? இதற்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்யும் பெண்கள் எத்தனை பேர்! எங்கள் வழியில் உறவினர் வீடு ஒன்று இருந்ததால் தப்பித்தேன். அப்படி இல்லாதவர்கள் மேல்நாட்டுக் கழிப்பறை உள்ள உணவகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் நகரத்துக் குழாயில் வரும் குடிநீருக்கு ஆத்தூர் ஒரு பழைய தாய்வீடு. இத்தனை ஆண்டு குடித்த தண்ணீரின் பிறப்பிடத்தை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். மேற்கே மலைத்தொடர், கீழே தென்னந்தோப்புகள், நடுவே காற்றில் சுருங்கி விரியும் நீர். பிள்ளைகள் கரையில் ஓடினார்கள். நான் கைத்தடியோடு கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் நடந்தேன். பிறகு மடக்கு நாற்காலியை விரித்து அமர்ந்தேன். அந்த நாற்காலியிலேயே அஸர் தொழுதேன். தொழுது முடித்தபோது இளைய பேரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நன்னி, நீங்க தேவாங்கு மாதிரி நடக்கிறீங்க."

மகள் அதட்டப் போனாள், நான் தடுத்துவிட்டேன். தேவாங்கு நம் மாவட்டத்துக்காரர் அன்றோ! அதற்கென்றே 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரில் நாட்டிலேயே முதல் சரணாலயத்தை அறிவித்தார்கள். அவசரமே இல்லாமல் கிளை கிளையாகப் பிடித்துப் போகும் அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா இல்லையா என்று அவனைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "சேருது" என்றான்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் பூவாக இருக்கலாம். தோல் பதனிடும் தொழிலிலும், பூட்டுப் பட்டறையிலும் குனிந்த முதுகு நிமிராமல் உழைப்பவர்கள் நம் தெருக்களிலேயே ஏராளம். எனக்காக வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்ட ஆள் இருக்கிறது. அவர்களுடைய இடுப்புக்கு யார் நிறுத்துவார்? அதற்கு மேல் என் நடைக் கணக்கைப் பெருமையாக நினைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் வலித்தது. இரண்டு நாள் வலித்தது. ஆனால் இது எதிர்பார்த்த வலி. அதற்கென்று அந்த இரண்டு நாளையும் வேலையின்றி ஒதுக்கி வைத்திருந்தோம். உலாவுக்குத் தேதி குறிக்கும்போதே ஓய்வுக்கும் தேதி குறிப்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

அதே ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை, பேரன் என் கையைப் பிடித்து மலைக்கோட்டைக்கு இழுத்துப் போனான். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டை. பின்னாளில் ஹைதர் அலியின் கைக்கு வந்தது. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருப்பதால்தான் எங்கள் பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர். இவற்றையெல்லாம் வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவள், கோட்டையில் ஏறிப் பல ஆண்டுகளாகிவிட்டன. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும் என்பதால் திறந்தவுடனேயே போனோம். நுழைவுச் சீட்டு வாங்கும்போது, "எனக்கெதற்கு, கீழேயே இருக்கிறேனே" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் எனக்கும் சேர்த்தே வாங்கிவிட்டார்.

பாறையில் வெட்டிய அகன்ற படிகள். பேரன் உரக்க எண்ணினான். முப்பத்திரண்டில் நின்று உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்கள் உச்சிக்குப் போய்வரும் வரை கணவரும் நானும் அங்கேயே அமர்ந்து, கீழே விழித்தெழும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று நன்றாக வீசியது. அவர் குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றித் தந்தார்.

அதன் பிறகு பேரன் ஊருக்கு வரும்போதெல்லாம் போகிறோம். ஒருமுறை நாற்பத்தொன்று வரை ஏறினேன். போன முறை கால் ஒத்துழைக்கவில்லை, இருபத்தெட்டோடு இறங்கிவிட்டோம். அவன் தன் நோட்டில் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறான்.