கொச்சி பார்த்த கதை

சுற்றுலா என்றால் முதல் நாள் இரவு தூக்கம் வராது என்பார்கள். எனக்கு ஒரு வாரமாகவே வரவில்லை. சந்தோஷத்தினால் அல்ல, தலைக்கு 1,200 ரூபாய் என்று வகுப்பில் அறிவித்ததால்! "எனக்கு ஊர்ல வேலை இருக்குடா, நான் வரலை" என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் வீட்டில் வாய் தவறி உளறிவிட்டேன். அம்மா மறுநாளே மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கையில் திணித்துவிட்டார். அப்பா சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"கொச்சிக்கா? போயிட்டு வாய்யா. நான் பொழச்ச ஊருதான்."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சென்ற ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு நம் கல்லூரி வாசலில் இருந்து பஸ் புறப்பட்டது. மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர்கள் 42 பேர், கூடவே இரண்டு சார்கள். பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாகப் பயணம். பஸ்ஸுக்குள் நடந்த ஆட்டம் பாட்டத்தை எழுத ஆரம்பித்தால் இந்த மலர் போதாது. எழுதினாலும் மலர்க்குழு வெட்டிவிடும். ஆகவே விடிந்த பிறகு நடந்ததற்கு வருகிறேன்.

பைபாஸ் சாலையில் குண்டன்னூரில் பஸ் வலது பக்கம் திரும்பியது. பாலம் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். "கடல்டா!" என்று கத்தினோம். "கடல் இல்லடா, காயல்" என்று சார் திருத்தினார். எங்கள் ஊரில் கண்மாய் நிறைந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். இங்கே ஊரே தண்ணீருக்கு நடுவில்தான் கிடக்கிறது.

சார் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வரலாறு சொல்ல ஆரம்பித்தார். 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில்தான் நம் சங்கப் பாட்டில் வரும் முசிறித் துறை தூர்ந்துபோய், கொச்சியின் வாய் திறந்தது என்று சொல்கிறார்களாம். வாய் திறந்தாலும் குறுக்கே ஒரு மணல்திட்டு இருந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளிக்கடலிலேயே நின்றனவாம். 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் வந்தார். திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-ல் கப்பல் உள்ளே வந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் காயலிலேயே கொட்டி மேடாக்கியதில் உருவானதுதான் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி. "இங்க நீங்க பாக்கிற தரையில பாதி மனுஷன் கொட்டின மண்ணுடா" என்றார் சார். எல்லோரும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தோம்.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. மணி ஆறே முக்கால் இருக்கும். ரோட்டோரமாக நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு பை, பைக்குள் சாப்பாட்டுத் தூக்கு. சிலர் லுங்கி, சிலர் பழைய பேண்ட். பின்னால் இருந்த கடைகளில் தமிழ் எழுத்து.

"டேய், நம்மூரு ஆளுங்கடா! போர்டெல்லாம் தமிழ்ல இருக்கு பாரு!" என்றான் ஒருவன்.

"ஆமாடா, சந்தையில மாடு நிக்கிற மாதிரியில்ல நிக்கிறாங்க" என்றான் இன்னொருவன். பஸ்ஸே சிரித்தது.

நானும் சிரித்தேன். நண்பர்களே, இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்த இடத்தின் பெயர் வாத்துருத்தி. பஸ்ஸில் அந்தப் பெயர் தெரிந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கமிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள் பல காலமாகக் குடியிருக்கும் இடம். நான் பிறந்த 2007-ல் அப்பா அங்கே போனார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வேலையெல்லாம் நின்று ஊர் திரும்பும் வரை 11 வருஷம், ஆறு பேர் சேர்ந்து ஒரே அறை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் வருவார். வந்தால் வீடு முழுக்க நேந்திரங்காய் சிப்ஸ் வாசம். காலையில் அதே ரோட்டோரத்தில்தான் நிற்பாராம். காண்ட்ராக்டர் வண்டியை நிறுத்தி, இத்தனை பேர் என்று விரலைக் காட்டுவாராம். ஏறினால் அன்றைக்குக் கூலி. எட்டு மணிக்கு மேலும் நின்றால், அன்றைக்கு இல்லை என்று அர்த்தம். இதெல்லாம் அப்பா எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. நான் அதை விடுதியில் யாரிடமும் சொன்னதில்லை. "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால், "விவசாயம்" என்பேன். நான்கு ஆடு வளர்ப்பதும் விவசாயம்தானே!

தோப்பும்படி தாண்டி ஃபோர்ட் கொச்சி போய்ச் சேர்ந்தோம். ஒரு லாட்ஜில் முகம் கழுவி, புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு நேராகக் கடற்கரைக்குப் போனோம். சீன வலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். மெக்கானிக்கல் மாணவன் நேரில் பார்க்க வேண்டும்! கரையில் ஊன்றிய பெரிய மரச்சட்டம், அதன் ஒரு முனையில் நான்கு மூங்கில் கழிகளில் விரித்துக் கட்டிய வலை. மறுமுனையில் கயிறு கயிறாகக் கட்டித் தொங்கும் கருங்கற்கள். கல்தான் கவுண்டர் வெயிட். முதல் வருஷ இயற்பியலில் நெம்புகோலைப் படித்து, பரீட்சையில் படமும் போட்டு, எனக்கு அது உண்மையில் புரிந்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கற்கள் எல்லாம் ஒரே நீளக் கயிற்றில் தொங்கவில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. வலை மேலே ஏற ஏற, நீளக் கயிற்றில் இருக்கும் கல் முதலில் மேடையில் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அதாவது மேலே வர வர எதிர் எடை தானாகவே குறைகிறது. வலை தடாலென்று தூக்கி அடிக்காமல் பூப்போல எழும்புகிறது. இதைக் கணக்குப் போட்டுச் செய்தவர்கள் எந்த பாலிடெக்னிக்கிலும் படிக்கவில்லை! சீன வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஒரு சாராரும், போர்த்துகீசியர் மக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு சாராரும் சொல்கிறார்கள்.

அங்கிருந்த மீனவர் ஒருவர் எங்களையும் கயிறு பிடிக்கச் சொன்னார். ஐந்தாறு பேர் சேர்ந்து "ஹே" என்று இழுத்தோம். வலை மேலே வந்தது. உள்ளே கையளவு பொடி மீன், கொஞ்சம் பாசி, இரண்டு பிளாஸ்டிக் கவர். பத்துக் காக்கையும் ஒரு பூனையும் எங்களை விட ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எவிடெயா ஊரு?" என்று மீனவர் கேட்டார்.

"திண்டுக்கல்."

"ஓ, திண்டுக்கல்! வாத்துருத்தியில கொறே பேருண்டு. உங்க ஆளு ஆராவது உண்டோ அவிடெ?"

பக்கத்தில் நான்கு நண்பர்கள் நின்றார்கள். "இல்லை" என்றேன்.

பிறகு புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-ல் மரத்தால் கட்டி, 1516-ல் கல்லால் கட்டப்பட்டது. வாஸ்கோட காமா 1524-ல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இந்த ஊரில்தான் இறந்தார். அவரைப் புதைத்த இடம் தரையில் இருக்கிறது. ஆனால் எலும்புகளைப் பிற்பாடு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நாங்கள் காலிக் கல்லறையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

என் கண் போனது மேலே. கூரைக்குக் கீழே நீளநீளமாகத் துணி விசிறிகள் தொங்கின. அதிலிருந்து கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகிறது. அந்தக் காலத்தில் ஆட்கள் வெளியே உட்கார்ந்து இழுத்தால் உள்ளே ஜெபம் செய்பவர்களுக்குக் காற்று வரும். "மாப்ள, வெளிய இருந்தவனுக்கு வேர்த்திருக்குமே" என்றான் நம் வகுப்புக் கவிஞர். உடனே பாக்கெட் நோட்டை எடுத்துக் குறித்தும் கொண்டான். இந்த மலரில் எங்கேயாவது அவன் கவிதை இருக்கும், தப்பிக்க முடியாது!

மட்டாஞ்சேரியில் ஒரு சறுக்கல். யூதர் தெருவில் 1568-ல் கட்டிய ஜெபாலயத்தைப் பார்க்க ஆசையாகப் போனால், கதவு சாத்தியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாளாம். திட்டம் போட்ட சார் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அரண்மனை திறந்திருந்தது. போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்ததால் பெயர் டச்சு அரண்மனை. சுவர் முழுக்க ராமாயண ஓவியம். எனக்கு அதைவிடத் தெருதான் பிடித்தது. சுக்கும் மிளகும் ஏலக்காயும் கலந்த வாசம் மூக்கை விட்டுப் போகவே இல்லை.

மாலையில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஏறினோம். 2023 ஏப்ரலில் தொடங்கியது. பேட்டரியில் ஓடும் படகு, முழுக்க ஏ.சி. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. 2022-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் போர்க்கப்பல் கட்டப்பட்டதும் அங்கேதான். படகு கிளம்பியதே தெரியவில்லை, சத்தமில்லை, புகையில்லை. "டேய், டீசல் எஞ்சின் இல்லன்னா நம்ம கதி என்னடா?" என்று ஒருவன் கவலைப்பட்டான். "ஷாஃப்டும் புரொப்பல்லரும் நம்மளுதுதான், பயப்படாத" என்று சார் ஆறுதல் சொன்னார். ஒரு பக்கம் வல்லார்பாடத்தின் ராட்சதக் கிரேன்கள், தூரத்தில் சூரியன். எல்லோரும் அமைதியாகிவிட்டோம். 42 பேர் அமைதியாக இருந்தது இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பதினைந்து இருபது நிமிஷம்தான்.

மரைன் டிரைவில் ஒரு மணி நேரம் விட்டார்கள். நான் தனியாகப் போய்க் கரைச்சுவரில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டியாய்யா? எங்கெங்க போனீக?"

சொன்னேன். மட்டாஞ்சேரி என்றதும், "அங்க மூட்டை எறக்கியிருக்கேன். மிளகு மூட்டை. ரெண்டு நாளைக்குத் தும்மல் நிக்காது" என்றார்.

"சீன வலை பாத்திருக்கீங்களாப்பா?"

"போட்ல போறப்ப தூரத்துல பாத்திருக்கேன். கிட்டக்கப் போனதில்ல."

"பதினோரு வருஷத்துலயா?"

"ஞாயித்துக்கெழம ஒரு நாளு. துணி தொவைக்க, தண்ணி புடிக்க, கொழம்பு வைக்கவே பொழுது சரியாப் போயிரும். அப்பறம் உனக்குப் போன் பேசணும்ல."

ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது நான் கிரிக்கெட் விளையாடப் போயிருப்பேன். "இருக்கேன்னு சொல்லாதம்மா" என்று ஓடிய நாட்களும் உண்டு.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "திரும்பறப்ப கலூர் வழியா வந்தீகன்னா ஸ்டேடியம் பக்கத்துல மெட்ரோ ரயில் தூணு இருக்கும் பாரு. அதுக்குக் கம்பி கட்டுறப்ப நான் அங்க கையாளா நின்னேன். நாலு மாசம் வேல. தொடர்ச்சியா அம்புட்டு நாளு அதுக்கு முன்னாடி கெடச்சதில்ல."

"ரயில் விட்ட பெறகு ஏறிப் பாத்தீங்களா?"

"ஏறி எங்கய்யா போறது? வேலைக்குத்தான் லாரியில கூட்டிட்டுப் போயிருவாங்களே."

கொச்சி மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2017 ஜூனில். அதற்குப் பிறகும் அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார்.

இரவு சாப்பாடு முடிந்து பஸ் கிளம்பியது. கலூர் வழியாகத்தான் வந்தது. நடுரோட்டில் வரிசையாகத் தூண்கள், ஒவ்வொன்றிலும் நம்பர். ஸ்டேடியம் வந்ததும் நான் எழுந்து முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எந்தத் தூண் என்று எனக்கு எப்படித் தெரியும்? வந்த தூண்களையெல்லாம் பார்த்தேன். மேலே ஒரு ரயில் வெளிச்சமாகப் போனது.

திரும்பி வந்து பார்த்தால், காலையில் அந்த மாட்டுச் சந்தை ஜோக் அடித்தவன் என் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். எழுப்பவில்லை. அதனால்தான் மலர்க்குழு கட்டுரை கேட்டபோது இதைக் கொடுக்கிறேன். (மாப்ள, உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. நானும் சேர்ந்துதானே சிரித்தேன்.)

ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போனதும் அப்பா போட்டோ கேட்டார். அரண்மனை, தேவாலயம், படகு எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளினார். சீன வலையில் நிறுத்தினார். விரலால் பெரிதாக்கி, தொங்கும் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் கயிறு நீளக் கணக்கைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்.

"சரிதான்" என்றார். "ஒவ்வொரு கல்லும் ஒரு சட்டிக் கான்கிரீட்டு வெயிட்டு இருக்கும் போல. நீ எத்தன பேரு சேந்து இழுத்தீக?"

"ஆறு பேருப்பா."

"ஆறு பேரா?" என்று சிரித்துவிட்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்க அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.