முழுங்கிட்டேம்ணே

என் தம்பி மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றுகிறான் என்று சொல்லித் திரிந்தவன் நான். வள்ளியூரில் எங்கள் தெருவில் அதைக் கேட்காத ஆளில்லை.

அவனுக்கு மனச்சிதைவு நோய். வேறு மருந்துகள் கேட்காததால் டாக்டர் க்ளோசபின் ஆரம்பித்தார். வார்டில் இருந்தவரை நல்ல குணம் தெரிந்தது. காதில் குரல் கேட்பது நின்றது. அம்மாவிடம் சிரித்துப் பேசினான். வீட்டுக்கு வந்தபின் மறுபடியும் சுவரைப் பார்த்து முணுமுணுக்க ஆரம்பித்தான்.

ராத்திரி மாத்திரை கொடுத்ததும் "வாயத் தொறல" என்பேன். டார்ச் அடித்து நாக்குக்கு அடியில், கடைவாய் ஓரம் எல்லாம் பார்ப்பேன். "முழுங்கிட்டேம்ணே" என்பான். நம்பாமல் ஒருநாள் அறைந்துவிட்டேன்.

வாராவாரம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று வேறு நினைத்திருந்தேன். அது வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்ப்பது; முதல் 18 வாரம் வாராவாரம் எடுப்பார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது வேறு. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 350 நானோகிராமுக்கு மேல் இருந்தால் குணம் தெரிய வாய்ப்பு அதிகம். தம்பிக்கு அதில் பாதிதான் இருந்தது.

"பாத்தீங்களா சார், துப்பிருக்கான்" என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியிடம், "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு கட்டு சார்."

"வார்டுல?"

"அங்க விடமாட்டாங்களே."

பீடிப் புகை கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுமாம். அது க்ளோசபினைச் சீக்கிரமே சிதைத்துவிடும். நிகோட்டின் அல்ல, புகைதான் காரணம். "மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காரு" என்றார் டாக்டர். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வெளியே சுற்றாமல் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று தினமும் அந்தப் பீடிக் கட்டுகளை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

டோஸைக் கூட்டினார்கள். அளவு 350-ஐத் தாண்டியது, குரல்களும் அடங்கின. ஆனால் இன்றுவரை தம்பி என் கையால் மாத்திரை வாங்குவதில்லை. அம்மாதான் கொடுக்கிறாள்.

இப்போது பீடியை விடப்போவதாகச் சொல்கிறான். விட்டால் சில நாளிலேயே ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். அளவு மீறினால் வலிப்புகூட வரலாம். உங்கள் வீட்டிலும் க்ளோசபின் சாப்பிடுகிறவர் இருந்தால், பீடியோ சிகரெட்டோ தொடங்கினாலும் விட்டாலும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.