பால்டிமோரில் இரு வாயில்கள்

ஐக்கிய அமெரிக்காவின் கீழ்க்கரையில், செசப்பீக் விரிகுடாவை அடுத்து விளங்கும் பழைய துறைமுகப் பட்டினம் பால்டிமோர். வெண்சலவைக்கற் படிகளையுடைய செங்கல் வீடுகள் அணிவகுத்து நிற்கும் இந்நகரை, உளநோய் வைத்தியம் பயில விழையும் இளம் வைத்தியர்களும் ஆண்டுதோறும் நாடுகின்றனர். என் தமக்கையாரின் மகனும் அவர்களுள் ஒருவன். நேர்முகப் பரீட்சைகள் 2020ஆம் ஆண்டு முதலாகப் பெரும்பாலும் கணினித் திரையிலேயே நிகழ்கின்றன. ஆதலால், நான்காண்டு வாழ நேரக்கூடிய இடங்களைக் கண்ணாற் காண அவன் விரும்பினான். விடுமுறையிற் சென்றிருந்த நானும் உடன் போயினேன்.

நகரின் கீழ்ப்புறத்தில், 1889இல் திறக்கப்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை குவிமாடத்துடன் நிமிர்ந்து நிற்கின்றது. இங்கே 1913இல் பிப்ஸ் உளநோய் நிலையம் தோன்றியது. அதன் முதல் தலைவரான அடோல்ப் மேயர், நோயை மட்டுமன்றி நோயாளியின் வாழ்க்கை வரலாற்றையும் ஆராய்ந்து எழுதிவைக்குமாறு மாணவரைப் பழக்கினார்.

வடக்கே நகரெல்லையைக் கடந்தால், டௌசன் என்னும் ஊரில் மரங்கள் சூழ்ந்திருப்பது ஷெப்பர்ட் பிராட் வைத்தியசாலை. இதனை நிறுவிய மோசஸ் ஷெப்பர்ட் என்னும் வணிகர், நோயாளர் யாவர்க்கும் வெயிலும் நற்காற்றும் கிடைத்தல் வேண்டுமென விதித்தார். கொடையின் முதலைத் தொடாது அதன் வருவாயையே செலவிடல் வேண்டுமென்றும் பணித்தார். அதனால், 1853இல் தொடங்கிய இவ்வறநிலையம் 1891இலேதான் நோயாளரை ஏற்றது. இன்று மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து வதிவிட வைத்தியரைப் பயிற்றுகின்றது.

இரண்டனுள் எதனை முதலில் எழுதுவது? அந்நாட்டில் விண்ணப்பதாரரும் பயிற்சி நிலையங்களும் தத்தம் விருப்பவரிசையைத் தனித்தனியே அனுப்புவர். 1952 முதல் நடைபெறும் பொது ஏற்பாடொன்று இரண்டையும் பொருத்தி, மார்ச் மாதத்து மூன்றாம் வெள்ளியன்று முடிவை அறிவிக்கும். அம்முடிவை மீறலாகாது. "எட்டாத இடத்தை முதலில் எழுதினால் எட்டும் இடமும் போய்விடுமோ?" என்ற அச்சம் பலரையும் வாட்டும். அவ்வச்சம் வேண்டுவதில்லை. பொருளியலறிஞர் அல்வின் ரொத் திருத்தியமைத்து, 1998 முதல் வழங்கும் கணக்குமுறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகின்றது. முதலிடம் கிட்டாவிடின், இரண்டாமிடத்தையே முதலாவதாக எழுதியவர்போல அவர் கருதப்படுவார்.

ஆயின், உண்மையான விருப்பம் யாதென அறிவது எவ்வாறு? மருமகன் ஒவ்வொரு நேர்முகப் பரீட்சையிலும் அங்குள்ள வதிவிட வைத்தியரிடம் ஒரு வினாவைக் கேட்டிருந்தான்: "உங்கள் பராமரிப்பிலுள்ள நோயாளி ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டால், அன்றிரவு உங்கள் பக்கத்தில் யார் நிற்பார்?" எங்கே எவ்விடை கிடைத்ததென்பதை ஈண்டு எழுதுதல் முறையன்று. தயங்காது பெயர் சொன்னோரும் இருந்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியோரும் இருந்தனர். கட்டடங்களின் புகழை அடுத்த பத்தியிலும் இவ்விடைகளை முதற் பத்தியிலும் அவன் குறித்து வைத்திருந்தான். அன்று மாலை, துறைமுகத்தருகே அமர்ந்து, அம்முதற் பத்தியைப் பார்த்தே வரிசையை எழுதினான்.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக அனுமதிக்கு விருப்பவரிசை எழுதும் மாணவர் உளர். அயலவர் மெச்சும் பெயரை எழுதுமுன், அங்கே பயில்வோர் ஒருவரையேனும் கண்டு, தமக்கு வேண்டிய ஒரு வினாவைக் கேட்பாராக.